கொன்கோர்ட்டை அளந்தவள்

1

இந்தக் கிழமை ஒருநாள் காலைச் செய்தியில் சொன்னார்கள். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் கொன்கோர்ட் விமானம் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் டிக்கெட் வாங்கிய பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கிவிட்டதாம். நான் குசினியில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு நின்றேன். என் கணவர் குலசேகரம் முன்னறையிலிருந்து சத்தம் போட்டார்.

"இஞ்சாரும், உம்மட பிளேன் பறந்திட்டுதாம்!"

எங்கள் வீட்டில் அது என்னுடைய பிளேன்தான். இவர் பகிடிக்குத்தான் அப்படிச் சொல்லத் தொடங்கினவர், பிறகு அதுவே பேராகிவிட்டது. நான் பட்டர்க் கத்தியோடு முன்னறைக்கு ஓடிப்போய் றேடியோவுக்குப் பக்கத்தில் நின்று செய்தி முடியும் வரை கேட்டேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அதில் ஏறினாயா என்று கேட்பீர்கள். இல்லை. ஏறுவதற்கு இனி ஆயிரம் பேர் வருவார்கள். அது இன்னும் பரிசோதனைப் பறப்புகளில் இருந்த காலத்தில், வெட்டவெளியில் நின்று அதன் சத்தத்தை அளந்த தமிழ்ப் பொம்பிளை எனக்குத் தெரிய நான் ஒருத்திதான். இன்னொருத்தி இருந்தால் எழுதி அறிவிக்கட்டும், நான் தோசை சுட்டுக் கொடுத்து வரவேற்கிறேன். புவனேஸ்வரி வெளிநாடு போய்ப் பெருமை அடிக்கிறாள் என்று ஊரில் யாராவது சொன்னால், ஓம், அடிக்கத்தான் போகிறேன். ஆனால் இதற்குள் ஒரு வெட்கக் கதையும் இருக்கிறது. அதை வேறு யாரும் உங்களுக்குக் கைகால் வைத்துச் சொல்ல முன்னம் நானே சொல்லிவிடுகிறேன்.

2

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஏழு வருடம் பௌதிகம் படிப்பித்தவள் நான். இவர் ரயில்வேயில் சிக்னல் என்ஜினியர். எழுபத்தோராம் ஆண்டு சிட்னிக்கு வந்தோம். இவருக்கு வந்த உடனேயே வேலை கிடைத்தது. எனக்கு எட்டு மாதம் கிடைக்கவில்லை. வேலை தேடித் தரும் கந்தோரில் ஒரு பெண் என் பட்டச் சான்றிதழைப் பார்த்தாள், பிறகு என் சேலையைப் பார்த்தாள், பிறகு மிகவும் அன்பாக "தையல் வருமா?" என்று கேட்டாள். தையல் எனக்கு இன்றைக்கும் வராது.

கடைசியில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில், இரைச்சலை அளக்கும் சிறு பிரிவில், ஆய்வுகூட உதவியாளர் வேலைக்கு விளம்பரம் கண்டு போனேன். அந்தப் பிரிவின் தலைவர் கொலின். ஐம்பது வயது, சிவந்த கழுத்து, முன்பு கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தவர். கேள்வி ஒன்றும் கேட்காமல் ஒரு சத்த மீற்றரைக் கையில் தந்து, இந்த அறையின் சத்தத்தை அளந்து சொல் என்றார். நான் எழும்பி யன்னலைப் பூட்டினேன். அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். மூன்று தரம் அளந்து மூன்று எண்களையும் சொன்னேன். எது சரியான எண் என்று கேட்டார். மூன்றும் சரி, அறைதான் மாறிக்கொண்டிருக்கிறது என்றேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அவரைக் கூப்பிடுவதுதான் பெரிய பாடாகப் போய்விட்டது. வெறும் கொலின் என்று கூப்பிடு என்கிறார். தலைமை ஆசிரியர் வயதுள்ள மனிசனை எப்படி வெறும் பேர் சொல்லிக் கூப்பிடுவது? நாக்கு எழும்பவில்லை. மிஸ்டர் கொலின் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பேரே சொல்லாமல் பக்கத்தில் போய் நின்று இருமுவேன். சளியோ என்று ஒருநாள் மருந்து வாங்கிக் கொடுத்தார்.

முதல் மாதங்களில் நான் அளந்து வந்த லொறிச் சத்தம், தொழிற்சாலைச் சத்தம் எல்லாவற்றையும் அவர் தானே போய் இரண்டாம் தரம் அளப்பார். என் முன்னால் இல்லை, மறைவாக. நான் கவனித்தேன். நாலாம் மாதம் அதை விட்டுவிட்டார். அது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், நான் கொடுத்த தாளைப் படிக்காமலே கையெழுத்து வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாயாசம் காய்ச்சினேன். என்ன விசேஷம் என்று இவர் கேட்டார். சொன்னேன். "இதுக்கே பாயாசமோ?" என்றார். சிக்னல் என்ஜினியருக்கு இது விளங்கியிருக்க வேணும், விளங்கவில்லை.

ஆனால் வேலை தற்காலிகம். ஒரு வருடத்துக்குத்தான். எழுபத்திரண்டாம் ஆண்டு நடுப்பகுதியில், என்னை நிரந்தரமாக்கும்படி கொலின் தலைமைக் கந்தோருக்கு எழுதினார். படிவம் நிரப்பப் போனேன். அந்த மே மாதம்தான் எங்கள் நாடு சிலோன் என்ற பேரை விட்டு ஸ்ரீலங்கா ஆனது. பிறந்த நாடு என்ற இடத்தில் ஸ்ரீலங்கா என்று எழுதினேன். தன்னுடைய பட்டியலில் அப்படி ஒரு நாடு இல்லை என்றார் கிளார்க். அப்ப சிலோன் என்று போடுங்கள் என்றேன். அப்படி ஒரு நாடு இப்போது இல்லையே என்றார். மனிசன் பேப்பர் படிக்கிறவர்! பிறகு இரண்டையும் எழுதி நடுவில் கோடு போட்டு, பிறக்க இரண்டு நாடு உள்ளவளாக என்னை மேலே அனுப்பி வைத்தார்.

3

அந்த ஜூன் மாதம்தான் கொன்கோர்ட் வந்தது.

விளங்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், வாத்தியார்ப் புத்தி விடாது. பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து செய்த விமானம். பயணிகளை வைத்துக்கொண்டு ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது கீழே வெடி போட்டதுபோல் ஒரு முழக்கம் கேட்கும், அதனால் கடலுக்கு மேலும் ஆளில்லாத இடத்துக்கு மேலும்தான் அந்த வேகம். நகரத்தில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. எழும்பும்போது என்ஜினின் பின்பக்கத்தில் மேலதிகமாக எரிபொருளைக் கொளுத்தித் தள்ளும், அந்த இரைச்சல் சாதாரண ஜெட்டைவிட மோசம். இரண்டு முன்மாதிரி விமானங்களைச் செய்து, வருடக்கணக்காகப் பறந்து பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றைத்தான் சூட்டிலும் தூரத்திலும் ஓட்டிப் பார்க்கவும், வாங்குவார் உண்டோ என்று காட்டவும் கிழக்கே கொண்டுவந்தார்கள்.

சிட்னி இரண்டாகப் பிரிந்து நின்றது. இது மனித குலத்தின் வெற்றி என்று ஒரு பக்கம். யன்னல் உடையும், காது போகும், வானம் கெடும் என்று மறு பக்கம். எங்கள் மகள் மாலினிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் லின் என்று பேரை மாற்றி வைத்திருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீசில்தான் பதில். அவள் பெரிய மட்டையில் விமானம் ஒன்றைக் கீறி, அதன் கீழே ஒரு பூனை காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறதாக வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்க அந்த விமானத்துக்கு எதிர்ப்பாம்.

"ஊஸ் சைட் ஆர் யூ ஒன், மம்?" என்றாள். நான் யார் பக்கம் என்று கேட்கிறாள்.

"நான் ஒருத்தற்றை பக்கமும் இல்லையடி. நான் அளக்கப் போறன்."

"தட்ஸ் நொட் அ சைட்," என்று சொல்லிவிட்டுப் பூனைக்கு மீசை கீறினாள். அது ஒரு பக்கமே இல்லையாம். ஒன்பது வயதுக்கு வாயைப் பாருங்கள்.

விமானம் சிட்னியிலிருந்து எழும்பும் நாளில் மூன்று இடங்களில் அளப்பது என்று தீர்மானமாயிற்று. தூரத்து இரண்டு இடங்களில் கொலினும் இன்னொரு உத்தியோகத்தரும். விமானப் பாதைக்கு நேர் கீழே, மிகக் கிட்டிய இடத்தில் நான். அந்த இடம் மாலினியின் பள்ளிக்கூட மைதானம். கிட்டிய இடத்து எண்ணைத்தான் பத்திரிகைக்காரர் முதலில் கேட்பார்கள், அறிக்கையில் முதல் வரியும் அதுதான். தலைமைக் கந்தோரில் என் படிவம் மேசையில் கிடந்தது. "இந்த அறிக்கையைப் பார்த்தபிறகு அவர்கள் உன்னைப் பற்றி யோசிக்கத் தேவையிருக்காது," என்றார் கொலின். எனக்கென்று புது ஒலிவாங்கி ஒன்றும் தந்தார். டென்மார்க்கில் செய்தது, பெட்டி பிரிக்காதது.

4

காலை ஆறு மணிக்கே வான் வந்து ஏற்றும் என்பதால் சாமான்களை முதல்நாள் பின்னேரமே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீலப் பட்டு விரித்த மரப்பெட்டிக்குள் அந்த ஒலிவாங்கி படுத்திருந்தது. விரல் தடிப்புத்தான். நுனியில் மயிரிழை மெல்லிய ஓர் உலோகத் தகடு. அதைக் காக்க மேலே கீறல் கீறலாக வெட்டிய ஒரு குட்டி மூடி. சத்தம் அந்தக் கீறல்களுக்குள்ளால் போய்த் தகட்டை அசைக்க வேண்டும்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். முகம் கழுவி, விளக்கேற்றி, ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனக் கட்டையை உரைத்தேன். புதுச் சாமான் வேலை தொடங்க முன்னம் பொட்டு வைக்காமல் எடுப்பதா? எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் சரஸ்வதி பூசைக்குத் தராசு, வெப்பமானி, தொலைநோக்கி என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைப்போம். நான் பௌதிகம் படித்தவள், பொட்டு வைத்தால் தராசு திருந்தும் என்று நம்புகிறவள் இல்லை. கையில் எடுக்கிற சாமானுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

இவர் கதவடியில் நின்று பார்த்தார். "தேங்காயும் உடைப்பமே? ஐயரையும் கூப்பிடட்டோ?"

"சும்மா போங்கோ அங்காலை," என்று கலைத்தேன்.

பெட்டி மூடியில் ஒரு பொட்டு. முக்காலிக்கு ஒரு பொட்டு. அதோடு விட்டிருக்கலாம். ஒலிவாங்கியின் கழுத்தடியில், நுனியிலிருந்து தள்ளித்தான், ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணிப்பதமாக இருந்தது. பெட்டியைப் பூட்டிக் கதவு மூலையில் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். எந்தப் பக்கம் மேலே என்று பார்க்கவில்லை.

5

ஜூன் மாதம் இங்கே கடுங்குளிர். சேலைக்கு மேல் இவருடைய ஓவர்கோட், காலில் றப்பர்ப் பூட்ஸ். விடிய முன்னமே மைதானத்தில் ரோர்ச் வெளிச்சத்தில் முக்காலியை நட்டு ஒலிவாங்கியைப் பூட்டினேன். கழுத்துப் பொட்டுக் காய்ந்திருந்தது, லேஞ்சித் துணியால் துடைத்தேன். சரிபார்க்கும் சிறு கருவியை நுனியில் மாட்டினேன். அது தாழ்ந்த சுருதியில் ஒரே ஒரு சத்தத்தைத்தான் கொடுக்கும். மீற்றர் சொல்ல வேண்டிய எண்ணைச் சரியாகச் சொன்னது. காற்றுக்குக் காப்பாகப் பஞ்சு உறையைப் போட்டேன். சத்தம் ஏறி இறங்குவதைத் தாள்ச்சுருளில் கோடாக எழுதும் மீற்றர்ப் பேனைக்கு மை விட்டேன். காத்து நின்றேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு பிள்ளைகள் வேலியடியில் மட்டைகளோடு வந்து நின்றார்கள். மாலினி பூனையோடு நின்றாள். என் பூட்சையும் ஓவர்கோட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு, யாரோ எவரோ என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேலை நேரம், கண் பேனையில் இருக்க வேண்டும்.

அது வந்தது. கூரைகளுக்கு மேலால் வெள்ளையாக, மூக்கைக் கீழே மடித்துக்கொண்டு, மீன் பார்க்கிற கொக்கைப்போல் வந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. சத்தம் பின்னால் வந்தது. காதில் கேட்டதென்று சொல்லமாட்டேன், நெஞ்சாங்கூட்டுக்குள் வந்து குந்திக்கொண்டது. பூட்சுக்குள் கால் அதிர்ந்தது. பேனை மேலே ஏறி ஏறி, நின்று, இறங்கியது. தாளின் ஓரத்தில் நேரத்தை எழுதினேன், எண்ணை எழுதினேன்.

வேலியடியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரேயடியாகக் கத்தினார்கள். மாலினியின் பூனை புல்லில் கிடந்தது. அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மம்! மம்! ஹவ் மச்?" என்று கத்தினாள். எவ்வளவாம். எல்லோருக்கும் முன்னால் என்னை அம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். நான் ஓடிப்போய் எண்ணைச் சொன்னேன். அவள் திரும்பி வகுப்பு முழுவதற்கும் அறிவித்தாள். அந்த நிமிடம் எனக்கிருந்த சந்தோசத்தை எதில் அளப்பது!

திரும்பி வந்து பஞ்சு உறையைக் கழற்றினேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. குட்டி மூடியின் கீறல்களில் பாதிக்குமேல் மஞ்சளாக அடைத்திருந்தது. நகத்தால் தொட்டேன், பொருக்காக வந்தது. மணந்து பார்க்கத் தேவையில்லை, என்றாலும் மணந்து பார்த்தேன். சந்தனம். பெட்டியைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன். கழுத்திலிருந்து வழிந்து நுனியில் போய் இறுகியிருக்கிறது.

ஐயோ என்று புல்லில் குந்திவிட்டேன். சரிபார்க்கும் கருவியை மறுபடி மாட்டினேன். அதே சரியான எண். ஏனென்றால் தாழ்ந்த சத்தம் அந்த அடைப்புக்குள்ளாலும் போகும். கூர்மையான மேல் சத்தம்தான் தடைபடும். கொன்கோர்ட்டின் சத்தத்தில் ஆளைக் கொல்வதே அந்தக் கூர்மைதான். கருவி சரி என்கிறது, ஆனால் எண் பிழை. இது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வான் வந்தது. கொலினோடு, அளப்பதைப் பார்க்க இரண்டு பக்கத்தாரும் ஆளுக்கொருவராக அனுப்பிய விருந்தாளிகள் இருவர். மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தூரங்களைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் என் எண் நாலு டெசிபல் குறைவு. விமானம் வரவேண்டும் என்ற பக்கத்து விருந்தாளிக்கு முகம் மலர்ந்தது. கொலின் என் தாளை உயர்த்திப் பிடித்தார். மற்ற இரண்டும் பழைய ஒலிவாங்கிகள், இதுதான் புதியது, முன்னும் பின்னும் சரிபார்த்திருக்கிறாள், ஆகையால் இதைத்தான் நம்ப வேண்டும் என்றார். "இவள் அளந்ததை நான் திருப்பி அளப்பதில்லை," என்று அவர்களிடம் சொன்னார். எத்தனை நாள் கேட்க ஆசைப்பட்ட சொல்! நான் வாய் திறக்கவில்லை. அதுதான் என் வெட்கம், இன்றைக்கும் அதை நினைத்தால் காது சுடும்.

6

பின்னேரம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பகிடி விடவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"பேசாமல் இரும், புவனம். ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் வராது."

"எனக்குத் தெரியுமெல்லோ?"

"அவங்கள் சிரிப்பாங்கள். சாமிக்குப் பொட்டு வைக்கிறன் எண்டு மெசினைக் கெடுத்தவள் எண்டு கந்தோர் முழுக்கச் சிரிப்பாங்கள். உமக்கு மட்டுமில்லை, நாளைக்கு எங்கட ஆக்கள் ஆர் வேலை கேட்டுப் போனாலும் இதைத்தான் சொல்லுவாங்கள். உம்மட ஃபைல் மேசையிலை கிடக்கு. யோசியும்."

யோசித்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. தற்காலிக வேலைக்காரி, பட்டியலில் இல்லாத நாட்டுக்காரி, சேலை கட்டியவள், அதற்குமேல் சந்தனம். வேலை போனால் மறுபடி எட்டு மாதமோ எத்தனை மாதமோ. அப்போது மாலினி வந்தாள். நாளைக்கு வகுப்புச் சுவரில் பெரிய அட்டவணை ஒட்டுகிறார்களாம், லொறி, ரயில், ஜெட் எல்லாவற்றின் சத்தமும் அதில் வருமாம். கொன்கோர்ட்டுக்கு நேரே என்னுடைய எண்ணை எழுத ரீச்சர் அவளைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறாராம். கறுப்பு மையா சிவப்பு மையா என்று கேட்கிறாள்.

"எழுதாதை, பிள்ளை. அந்த எண் பிழை."

"பட் யூ மெஷர்ட் இட்."

"ஓம். நான்தான் அளந்தனான். நான்தான் பிழையும் விட்டனான்."

அவள், வந்த நாளிலிருந்து முதல் தரம் என்று நினைக்கிறேன், கேட்காமலே தமிழில் பேசினாள். "அப்ப அவையளுக்கு ஆர் சொல்லுறது?"

இவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார். முடிவு என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தநாள் காலை கொலினின் மேசையில் ஒலிவாங்கியை வைத்தேன். துடைக்காமல், அப்படியே கொண்டுபோனேன். எது, ஏன், எப்படி என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். ஆய்வுகூடத்துக்குப் போய்த் தாழ்ந்த சத்தத்திலிருந்து கூர்மையான சத்தம்வரை ஒவ்வொன்றாக விட்டு நானே அளந்து காட்டினேன். மேலே போகப் போக எண் சரிந்தது. மூடியைக் கழுவி மறுபடி அளந்தேன். சரிவு போய்விட்டது.

"இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது," என்றார்.

"தெரிந்திருக்காது," என்றேன்.

"ஏன் பூசினாய்?"

புதுக் கருவிக்கு எங்களிடையே செய்கிற மரியாதை என்றேன். சிரிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கழுத்தைச் சொறிந்தார். "நாங்கள் புதுக் கப்பலைக் கடலில் இறக்கும்போது அதன் மூக்கில் வைன் போத்தலை அடித்து உடைப்போம். நல்ல காலம், நான் போத்தலோடு இந்த அறைக்குள் வரவில்லை," என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கிட்டிய இடத்து எண்ணை அறிக்கையிலிருந்து அடித்துவிட்டோம். காரணம் எழுதும் இடத்தில், என்னைக் காப்பாற்ற நினைத்து, 'மாசு படிந்தது' என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம், இத்தனைக்கும் பிறகு என்ன கோபம்! "மாசு இல்லை. மழையும் தூசும் தானாக வந்து படியும். இது நான் பூசினது. சந்தனம் என்று எழுதுங்கோ, கொலின். பூசினது யார் என்றும் எழுதுங்கோ," என்றேன். அவர் அப்படியே எழுதினார். கீழே நான் கையெழுத்து வைத்தேன். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, மனிசனை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. கருவியைக் கையாளுவதில் கவனக்குறைவு, ஆகவே நிரந்தரமாக்க இப்போதைக்கு இடமில்லை, தற்காலிகமாக இன்னொரு வருடம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கந்தோரில் கொஞ்ச நாள் சிரிக்கவும் செய்தார்கள். யாரோ தேத்தண்ணிக் கேத்தலுக்குச் சிவப்பு மையால் பொட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "நடுவிலை இல்லையே, கண்டறியாத பொட்டு," என்று தமிழில் சொல்லிக்கொண்டு அதை அழித்து நேராக வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றினேன். அதோடு நின்றது.

7

நிரந்தர வேலை பிறகு ஒன்றரை வருடம் கழித்து வந்தது. பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை, பாயாசமும் காய்ச்சவில்லை.

போன வருடம், எழுபத்தைந்தில், கொன்கோர்ட் மறுபடி வந்தது. இம்முறை மெல்பேர்னுக்கு. பயணிகளை ஏற்ற அனுமதி கிடைக்க முன்னம் நெடுந்தூரப் பாதைகளில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள், அதில் ஒரு பாதை இங்கே முடிந்தது. மெல்பேர்ன் கந்தோரிலிருந்து கொலினுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அதை என் மேசையில் வைத்துவிட்டு யன்னலடியில் போய் நின்றார். சிட்னி அறிக்கையில் தன் எண்ணைத் தானே அடித்து நீக்கிய உத்தியோகத்தரை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். என் பேரைக்கூடச் சரியாக எழுதியிருந்தார்கள், இங்கிலீசில் பதினொரு எழுத்தும்.

மெல்பேர்னில் முதலில் ஒரு கூட்டம். வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்கிற ஊரவர்கள் மறு பக்கம். யார் அளப்பது, யாருடைய மீற்றரை நம்புவது என்று ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை. நான் பின்வரிசையில் இருந்தேன். மெல்பேர்ன் தலைவர் எழும்பி சிட்னி அறிக்கையின் ஒரு பக்கத்தை உரக்க வாசித்தார். ஒலிவாங்கியில் சந்தனம் அடைத்திருந்தது, கீழே கையெழுத்திட்டவர் தானே பூசியது, ஆகவே இந்த எண்ணை ஏற்க வேண்டாம். மண்டபம் சிரித்தது. நான் தலை குனியவில்லை, நல்லாகச் சிரியுங்கோ என்று நிமிர்ந்து இருந்தேன். வேண்டாம் என்கிற பக்கத்திலிருந்து ஆட்டுப்பண்ணைக்கார அம்மா ஒருவர் எழும்பினார். அந்தப் பெண் வந்திருக்கிறாளா என்று கேட்டார். கையை உயர்த்தினேன். அப்படியென்றால் இவள் அளக்கட்டும் என்று சொல்லிவிட்டு இருந்தார். மறு பக்கமும் சரி என்றது.

மற்ற இடங்களில் வேறு ஆட்கள் அளக்க, நான் விமான நிலையத்துக்கு வடக்கே, கிரெய்கிபர்ன் பக்கம் ஒரு புல்வெளியில் நின்று அளந்தேன். அங்கே வீடுகளைவிடச் செம்மறி ஆடுகள் அதிகம். பொட்டு வைத்தேனா என்று கேட்பீர்கள், எனக்குத் தெரியும். வைத்தேன். பெட்டியின் மூடியில், வெளிப்பக்கம் மட்டும், காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டும் பார்த்தேன்.

அறிக்கை வெளிவந்த பிறகு இரண்டு பக்கமும் மூன்று கிழமை சண்டை பிடித்தார்கள். காற்றின் திசை பிழை என்றார்கள், தூரம் பிழை என்றார்கள், அந்த இடத்து மீற்றர் பிழை, இந்த இடத்து ஆள் பிழை என்றார்கள். மாலினி பேப்பரை நிலத்தில் விரித்துவைத்து, யார் யாருடைய எண்ணைக் குறை சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் எங்களுக்கு வாசித்தாள். என்னுடைய எண்ணை இரண்டு பக்கத்தாரும் தங்கள் தங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அது பிழை என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.